ஜலவாயுவின் ஜாதகம்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் வந்தால் முதலில் காப்பி. அப்புறம்தான் ஊர் வம்பு. அன்றைக்கு டம்ளரை வாங்கித் திண்ணையில் வைத்தவர் அதைத் தொடவே இல்லை. ஆடை படிந்து போயிற்று.

"தம்பி, நீ நாலு புஸ்தகம் படிக்கிறவன். ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். இந்த ஹைட்ரஜன் நிலைக்குமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி நாற்பது வருஷம் ஜவுளிக் கடை நடத்தியவர். சாயம் நிலைக்குமா என்றுதான் அவரிடம் பிறர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் விஷயம் சிரிப்பதற்கு உரியதல்ல என்று உடனே தெரிந்துவிட்டது. அவருடைய பேரன் இஞ்சினீயரிங் படித்தவன். தூத்துக்குடிப் பக்கத்தில் ஹைட்ரஜன் தயாரிக்கப் போகிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவில்லை. அவன் ஏற்கெனவே பார்க்கும் வேலையோ சாதாரண வேலை, ஆனால் நிரந்தரமானது. அதை விட்டு இதற்குப் போகலாமா என்பது கேள்வி.

அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. அதை அண்ணாச்சி வாய்விட்டுக் கேட்கவில்லை. தம்முடைய இடது கையை மெதுவாகத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

1964-ஆம் வருஷம் ஆனித் தேர். எனக்கு 9 வயது, அண்ணாச்சிக்கு 13. நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு நகர்ந்து ரத வீதியில் ஜனசமுத்திரத்துக்கு நடுவே நின்றிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பலூன்காரர். அவரிடம் ஓர் இரும்புச் சிலிண்டர். அதற்குள் அலுமினியத் துண்டுகளையும் காஸ்டிக் சோடாவையும் தண்ணீரையும் போட்டு மூடி, பொங்கி வருகிற வாயுவைப் பலூனில் பிடிப்பார். அந்தப் பலூன்கள் மற்றப் பலூன்களைப் போலத் தரையில் உருளாது. நூலை விட்டால் கோபுரத்தைத் தாண்டிப் போய்விடும். அண்ணாச்சி எனக்காக ஒன்று வாங்கக் கையை நீட்டினார். யாரோ பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தார்கள். 'புஸ்' என்று ஒரு சப்தம். ஒரு மஞ்சள் நெருப்புப் பந்து. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலூன்காரரின் முகமும் கைகளும் வெந்து போயின. அண்ணாச்சியின் இடது கையில் அன்று ஏற்பட்ட வடு இன்றும் இருக்கிறது. மறு வருஷம் அதே பலூன்காரர் வந்தார். ஊதலும் காகித விசிறியும் விற்றார்.

ஆகவே, "நிலைக்குமா?" என்ற அந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள், அண்ணாச்சி" என்றேன். பழைய புத்தகங்களையும் புதிய கணக்குகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பையன் பார்க்கிறவர்கள் ஜாதகம் பார்ப்பதில்லையா? அதுபோல இந்த வாயுவின் ஜாதகத்தைப் பார்த்தேன். பார்த்ததை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஜனனம் 1766-ஆம் வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் என்ற பெரும் பணக்காரர், துத்தநாகத்தையும் இரும்பையும் அமிலத்தில் போட்டால் வருகிற வாயு தனியான ஒரு பொருள் என்று எடை போட்டு நிரூபித்தார். மனிதர் மகா சங்கோசி. வீட்டு வேலைக்காரிகளின் முகத்தைப் பார்க்கக் கூசிச் சாப்பாட்டுக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவாராம். அப்பேர்ப்பட்டவர் கண்டுபிடித்த வாயுவோ பட்டென்று வெடிக்கிற வாயு. அதை எரித்தால் தண்ணீர்தான் மிஞ்சுகிறது என்பதையும் அவர் கண்டார். பாரிஸில் லவாஸியே அதன் பொருளை உணர்ந்து, 'தண்ணீரைப் பெற்றது' என்று அர்த்தம் வரும்படி ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தார். பழைய தமிழ்ப் பாடப் புத்தகங்கள் ஜலவாயு என்று சொன்னது அந்தப் பெயருக்கு வெகு பொருத்தம்.

பிறந்த உடனே அதை ஆகாயத்துக்கு அனுப்பினார்கள். 1783 ஆகஸ்டு 27-ஆம் தேதி பாரிஸில் ஷார்ல் என்ற பேராசிரியர் சுமார் அரை டன் இரும்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றி, அந்த வாயுவைப் பட்டுப் பையில் நிரப்பிப் பறக்க விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அது கொனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. கிராமத்து ஜனங்கள் ஏதோ பூதம் வந்துவிட்டது என்று வைக்கோல் வாரும் கவைக் கம்பால் குத்திக் கிழித்துவிட்டார்கள். ஜலவாயுவைக் கண்டு ஜனங்கள் பயந்த கதை அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

இதற்கு அடுத்தபடியாக நடந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். பிரெஞ்சுப் புரட்சி அரசாங்கம் போர்க்களத்தில் எதிரியை மேலிருந்து வேவு பார்க்கப் பலூன் வேண்டும் என்றது. ஆனால் அமிலம் கிடையாது. ஏனென்றால் கந்தகம் முழுவதும் வெடிமருந்துக்கு வேண்டியிருந்தது. அமிலம் இல்லாமல் ஜலவாயுவை எடுப்பது எப்படி? அதற்கு லவாஸியே முன்பே வழி காட்டியிருந்தார். துப்பாக்கிக் குழலைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அதற்குள் தண்ணீரை விட்டால், இரும்பு பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஜலவாயு வெளியே வரும். அந்த முறைப்படியே வாயுவை எடுத்துப் பலூனை நிரப்பினார்கள். 1794 ஜூன் 26-ஆம் தேதி பிளரூஸ் போர்க்களத்தில் அந்தப் பலூன் மேலே நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் ஜயித்தார்கள். வழி காட்டிய லவாஸியேயின் தலையை அதற்குச் சரியாக ஏழு வாரம் முன்பு, மே 8-ஆம் தேதி, அதே அரசாங்கம் வெட்டிவிட்டது.

இந்த இடத்தில் ஜாதகத்தின் முதல் விதி எனக்குப் புலப்பட்டது. ஜலவாயுவை யாரும் ஆசைப்பட்டுக் கூப்பிடுவதில்லை. வேறொன்று கிடைக்காமற் போகும்போதுதான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்குக் கிடைக்காமற் போனது கந்தகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜலவாயுவிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று கண்டவர் ஒரு வக்கீல். வேல்ஸ் நாட்டவரான வில்லியம் குரோவ். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஜலவாயுவாகவும் பிராணவாயுவாகவும் பிரிகிறது என்பது 1800-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் மின்சாரம் திரும்ப வர வேண்டுமே என்று குரோவ் யோசித்தார். வந்தது. 1842-இல் அவர் செய்துகாட்டிய வாயு மின்கலந்தான் இன்றைய எரிபொருள் மின்கலத்துக்கு மூதாதை. ஆனால் அப்போது இங்கிலாந்தில் நிலக்கரி கொட்டிக் கிடந்தது. குரோவின் கருவி அலமாரியில் தூங்கிற்று, குரோவ் நீதிபதியாகிவிட்டார்.

நிலக்கரி இல்லாத தேசத்தில்தான் அந்த யோசனைக்கு உயிர் வந்தது. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் பால் லா கூர் என்ற வாத்தியார் இருந்தார். 1891-இல் அவர் காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார். காற்று அடிக்கும்போது மின்சாரம் இருக்கும், அடிக்காதபோது? சேர்த்து வைக்க வழி வேண்டுமே! மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வாயுவைத் தொட்டியில் சேர்த்து, 1895 முதல் ஏழு வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைக்கொண்டே விளக்கெரித்தார். நடுவில் வாயுக்கள் கலந்து வெடித்துப் பல தடவை ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் விளக்கேற்றினார். இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக் கணக்கில் பணம் போட்டுச் செய்யப் பார்க்கிற காரியம் அதுவேதான்: காற்று வரும்போது சேர்த்து வை, வராதபோது எரி.

1923-இல் இன்னொருவர் இதையே தேசம் முழுவதற்கும் விரித்துப் பேசினார். கேம்பிரிட்ஜில் 30 வயது ஜே. பி. எஸ். ஹால்டேன் செய்த பிரசங்கம் அது. நிலக்கரியும் எண்ணெயும் என்றாவது தீர்ந்துபோகும். நானூறு வருஷத்துக்குப் பிறகு இங்கிலாந்து முழுவதும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். காற்று மிகுந்த நாளில் உபரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வாயுவைத் திரவமாக்கிப் பெரிய தொட்டிகளில் பூமிக்கடியில் வைப்பார்கள் என்றார். அவர் பின்னால் நம் நாட்டுக்கே வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். எங்கள் தேர்த் திருவிழாவில் பலூன் வெடித்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை; ஆனாலும் அந்தத் தேதியைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன்.

இருக்கட்டும். ஹால்டேன் நானூறு வருஷக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே, ஜலவாயு ஓசைப்படாமல் வேறு ஒரு வாசல் வழியாக உலகத்துக்குள் நுழைந்துவிட்டது. அது சமையலறை வாசல். ஜெர்மனியில் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஜலவாயுவையும் சேர்த்து அமோனியா செய்ய வழி கண்டார். 1913-இல் பாஷ் என்பவர் அதை ஓப்பாவில் ஆலையாக்கினார். அமோனியாவிலிருந்து யூரியா, யூரியாவிலிருந்து நெல். நாம் உண்ணும் சோற்றிலே ஜலவாயுவின் கைங்கரியம் இருக்கிறது.

நார்வேயில் ர்யூக்கான் என்ற ஊர். பெரிய நீர்வீழ்ச்சி, 1911-இல் அங்கே வேமோர்க் மின்நிலையம் கட்டினார்கள். மின்சாரம் ஏராளம், அக்கம்பக்கத்தில் வாங்க ஆள் இல்லை. ஆகவே அந்த மின்சாரத்தில் உரம் செய்தார்கள். 1920-களின் கடைசியில் தண்ணீரைப் பிரித்து ஜலவாயு எடுக்கவும் தொடங்கினார்கள். அதன் உபவிளைவாகக் கனநீர் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் அதைத் தங்கள் அணு ஆராய்ச்சிக்குக் கொண்டு போக முயன்றதும், 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் பனிமலையில் ஏறிப்போய் அந்த ஆலையில் குண்டு வைத்ததும் தனிக் கதை.

அந்த ர்யூக்கானுக்கு நம் நாட்டிலும் ஒரு தம்பி உண்டு. பஞ்சாபில் நங்கல். பக்ரா-நங்கல் மின்சாரத்தால் சட்லெஜ் தண்ணீரைப் பிரித்து, அந்த ஜலவாயுவில் உரம் செய்யும் ஆலை 1961-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிற்று. மறு வருஷம் இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் அங்கேயே வந்தது. இன்று 'பசுமை ஹைட்ரஜன்' என்று எதைப் புதுமையாகக் கொண்டாடுகிறோமோ, அதை அறுபது வருஷத்துக்கு முன்பே நாம் செய்திருக்கிறோம்! பின் ஏன் விட்டோம்? மின்சாரத்துக்கு ஊரும் வயலும் போட்டி போட்டன. எண்ணெயிலிருந்து ஜலவாயு எடுப்பது மலிவாகத் தெரிந்தது. நங்கல் பிறகு எண்ணெய்க்கும், அதன் பிறகு இயற்கை வாயுவுக்கும் மாறிற்று. ஜாதகத்தின் இரண்டாவது விதி இது: மலிவான இன்னொன்று வந்தால் ஜலவாயுவைத் தண்ணீரிலிருந்து எடுப்பதை விட்டுவிடுவார்கள்.

இதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. உலகத்தில் 2023-இல் உற்பத்தியான ஜலவாயு சுமார் 9.7 கோடி டன். பெரும்பகுதி உர ஆலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் போயிற்று. அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சுத்தமான வழியில் வந்ததில்லை. மற்றதெல்லாம் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுத்தது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு டன் ஜலவாயு எடுத்தால் ஒன்பது, பத்து டன் கரியமில வாயு வெளியே போகிறது. எரிந்தால் தண்ணீர் மட்டுமே தருகிற இந்தப் பரிசுத்த வாயு, பிறக்கிறபோதே அவ்வளவு கரியைப் பூசிக்கொண்டு பிறக்கிறது.

பயத்தின் கதைக்கு வருகிறேன். 1930 அக்டோபர் 4-ஆம் தேதி மாலை ஆர்-101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டது. கராச்சியில் அதற்காக மலை போன்ற கொட்டகை கட்டி வைத்திருந்தார்கள். விமான மந்திரி தாம்ஸன் பிரபு அதிலேயே இந்தியாவுக்குப் போய், லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். போதிய பரீட்சை நடக்கவில்லை. நள்ளிரவு தாண்டிப் பிரான்ஸில் போவே அருகே மழைக்காற்றில் தரை தட்டி எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டார்கள், மந்திரியும் ஒருவர். ஏழு வருஷம் கழித்து, 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் எரிந்தது. 36 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலை எரியாத ஹீலியம் வாயுவுக்காகவே திட்டமிட்டிருந்தார்கள். ஹீலியம் இருந்த அமெரிக்கா அதை வெளியே அனுப்பவில்லை. வேறு கிடைக்காததால் ஜலவாயுவை நிரப்பினார்கள். மறுபடியும் அதே முதல் விதி!

அந்த நெருப்பைச் சினிமாக் காமிராக்கள் படம் பிடித்துவிட்டன. அன்று முதல் ஜலவாயு என்றால் ஜனங்களுக்கு அந்தப் படந்தான் நினைவுக்கு வந்தது.

ராக்கெட்டுக்காரர்களுக்கு மட்டும் பயப்பட வசதியில்லை. எடைக்கு எடை பார்த்தால் இதைப் போல வேகம் கொடுக்கிற எரிபொருள் வேறில்லை. 1963 நவம்பரில் அமெரிக்காவின் சென்டார் முதன் முதலாகத் திரவ ஜலவாயுவால் வெற்றிகரமாக மேலே போயிற்று. குரோவின் அலமாரியில் தூங்கிய கருவியை, பிரான்ஸிஸ் தாமஸ் பேக்கன் என்ற ஆங்கில இஞ்சினீயர் 1932 முதல் தட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மின்கலத்தின் வழித்தோன்றலே அப்பல்லோ கப்பல்களுக்கு மின்சாரமும், யாத்திரிகர்களுக்குக் குடிதண்ணீரும் தந்தது.

ஜலவாயு எரிகிற ஜுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பலூன் எரிந்தபோது மஞ்சளாகத் தெரிந்தது ரப்பர் எரிந்த வெளிச்சம். அந்தக் காலத்து ராக்கெட் நிலையத்துத் தொழிலாளிகள் கசிவு இருக்கிற இடத்துக்குப் போகும்போது துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போவார்களாம். துடைப்பம் பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். சந்திரனுக்குப் போகிற சாஸ்திரத்துக்கும் கடைசியில் துடைப்பம் வேண்டியிருந்தது!

நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி அடிவாரத்திலும் இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நடந்தது. திரவ ஜலவாயுவால் ஓடும் எஞ்சினின் இரகசியத்தை 1991-இல் ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா தடை போட்டது. 1993-இல் ரஷ்யா, எஞ்சினைத் தருகிறேன், வித்தையைத் தரமாட்டேன் என்றது. நம்மவர்கள் தாங்களே செய்யத் துணிந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில் இருக்கும் திரவத்தைக் கையாள வேண்டும். 2010 ஏப்ரலில் சொந்த எஞ்சினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி வெற்றி கிட்டிற்று. 2023-இல் சந்திரயானை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல்நிலையும் ஜலவாயுவால் ஓடியதுதான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் மகேந்திரகிரியில் அந்தப் பயங்கரக் குளிர் திரவத்தோடு தினமும் பழகிவிட்டு, சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறார்கள்.

இனி, ஊரெல்லாம் பேசுகிற விஷயம்: ஜலவாயு சாதாரண மனிதனுக்கு எரிபொருள் ஆகுமா? இந்த ஆசை இதுவரை இரண்டு தடவை பொங்கி அடங்கியிருக்கிறது. 1970-இல் பாக்ரிஸ் என்ற ரசாயனப் பேராசிரியர் 'ஹைட்ரஜன் பொருளாதாரம்' என்று பேசினார். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் விற்றது சில மாதத்தில் 12 டாலரை எட்டிற்று. உடனே மகாநாடுகள், ஆராய்ச்சிகள். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது, ஆசையும் சரிந்தது. 2003 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் 120 கோடி டாலர் அறிவித்தார். காரில் வைக்கத்தக்க மின்கலமும் மலிவாகவில்லை. வாயு நிரப்ப நிலையமும் இல்லை. ஆறு வருஷத்தில் அடுத்த அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொண்டது.

மூன்றாவது பொங்கல் இப்போது நடக்கிறது. இதற்கு அடுப்பு மூட்டியவை நான்கு.

முதலாவது, சூரியன். 2010-க்கும் 2020-க்கும் இடையே சூரிய ஒளித் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. ஜலவாயுவின் விலையில் பெரும்பகுதி மின்சார விலைதான். ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

இரண்டாவது, 2015-இல் பாரிஸில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கரியமில வாயுவைக் குறைப்பது என்றால் விளக்கையும் காரையும் மின்சாரத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் இரும்பு உருக்குவதற்கும் உரம் செய்வதற்கும் வெறும் மின்சாரம் போதாது. இரும்புக் கல்லிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்குவதற்குக் கரி வேண்டும், அல்லது ஜலவாயு வேண்டும். சுவீடனில் 2021-இல் ஜலவாயுவைக்கொண்டு எஃகு செய்து காட்டினார்கள்.

மூன்றாவது, யுத்தம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தது; ரஷ்ய வாயுவை நம்பியிருந்த ஐரோப்பா திகைத்தது. பிளரூஸ் போர்க்களத்துக் கந்தகம் என் நினைவுக்கு வந்தது.

நான்காவது, அரசாங்கப் பணம். நம் நாடு 2023 ஜனவரி 4-ஆம் தேதி 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று சங்கற்பம் செய்துகொண்டது. சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜனால் ஓடும் ரயிலின் எஞ்சின் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இவ்வளவும் ஒரு தட்டு. மறு தட்டில் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். நூறு யூனிட் மின்சாரத்தை ஜலவாயுவாக்கி, அமுக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் முப்பது, நாற்பதுதான் கைக்கு வரும். பாட்டரியில் வைத்தால் அதைப்போல் இரண்டு பங்கு வரும். ஆகவே சின்னக் காருக்கு இது லாயக்கில்லை என்பது ஏறத்தாழத் தீர்ந்துபோன வழக்கு. 2025-இல் ஜெர்மனியில் ஒரு பெரிய எஃகுக் கம்பெனி, அரசாங்கம் தருவதாகச் சொன்ன 130 கோடி யூரோவையும் வேண்டாம் என்று சொல்லி, ஜலவாயுத் திட்டத்தைக் கைவிட்டது. அதைப் போல இன்னும் பல நின்றுவிட்டன. இரண்டாவது விதி தன் வேலையைக் காட்டுகிறது.

தண்ணீரைப் பற்றியும் கணக்குப் போட்டேன். தாமிரபரணிக்காரன் அதைப் போடாமல் இருக்க முடியுமா? ஒரு கிலோ ஜலவாயுவுக்கு 9 லிட்டர் தண்ணீர். 50 லட்சம் டன்னுக்கு 4,500 கோடி லிட்டர். அதாவது ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். சுத்திகரிப்பில் வீணாவதையும் சேர்த்தால் மூன்று டி.எம்.சி. என்று வையுங்கள். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவே ஐந்தரை டி.எம்.சி. தேசம் முழுவதற்கும் இவ்வளவுதானா என்று முதலில் ஆறுதலாக இருந்தது. ஆனால் தேசம் முழுவதற்கும் ஆலைகளைப் பரவலாக வைக்க மாட்டார்களே! துறைமுகத்தின் பக்கத்தில் வைப்பார்கள். வெயில் காயும் துறைமுகத்தில் குடிதண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கும். கடல்நீரைச் சுத்தம் செய்துதான் எடுக்க வேண்டும். ஆற்றில் கை வைக்கக் கூடாது. இதை நாம் இப்போதே சொல்லி வைக்காவிட்டால் அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வந்தார். இவ்வளவையும் சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்ப, நிலைக்குமா நிலைக்காதா?" என்றார்.

"உரத்துக்கும் இரும்புக்கும் ஜலவாயு இல்லாமல் உலகம் நடக்காது, அண்ணாச்சி. அது நிலைக்கும். தண்ணீரிலிருந்து எடுப்பது நிலைக்குமா என்பது விலையைப் பொறுத்தது. பேரன் சேரப் போகிற கம்பெனி செய்வதை யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். உரக் கம்பெனி வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் போகலாம். பின்னால் யாராவது வாங்குவார்கள் என்று சொன்னால் யோசிக்க வேண்டும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். வியாபாரி அல்லவா? அது அவருக்கு உடனே விளங்கிற்று. ஆனால் எழுந்திருக்கவில்லை. கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகு நானே சொன்னேன். 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோ நகரத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் ஒன்று வெடித்தது. காரணம் என்னவென்று தோண்டிப் பார்த்தார்கள். தொட்டியின் மூடியில் சில திருகாணிகளைச் சரியாக முறுக்கவில்லை. அவ்வளவுதான். இந்த வாயு காற்றைவிடப் பதினான்கு பங்கு இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் நிமிஷத்தில் மேலே ஓடிவிடும். அடைத்த இடத்தில் தேங்கினால்தான் ஆபத்து. பொறி பட்டால் போதும்; காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்தவன் கையில் அது பசு. தெரியாதவன் கையில் புலி. நம் பலூன்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை.

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "அந்த ஆளை நான் அறுபது வருசமா வஞ்சிக்கிட்டு இருந்தேன், தம்பி" என்றார்.

அன்று மாலையே பேரனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் உர ஆலை ஒன்றோடு ஒப்பந்தம் ஆகியிருப்பதாகக் காகிதத்தைக் காட்டினார்களாம். பையன் போன வாரம் வேலையில் சேர்ந்துவிட்டான். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து, காப்பியைச் சூடாகக் குடித்தார்.

"என்ன சொல்லி அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"திருகாணியை ரெண்டு தரம் பாருலேன்னு சொன்னேன். அங்க தொடப்பம் உண்டான்னும் கேட்டுக்கிடச் சொன்னேன். சிரிக்கான், பயல்" என்றார்.